வலது பக்கத்தில் ஏன் பூச்சியம்?

இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்ப்பது பத்தாம் வகுப்பில் பலருக்கும் பிடித்த பகுதி. வழி நேராக இருக்கும், நாலைந்து வரியில் விடை வந்துவிடும், வந்த விடை சரிதானா என்று அங்கேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளும் இந்தப் பாடத்துக்கு வந்ததும் வேகம் எடுப்பார்கள். அப்போது அவர்களிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன்: “எல்லாத்தையும் இடது பக்கம் கொண்டுவந்துட்டு, வலது பக்கம் பூச்சியம்னு எழுதுறீங்களே, அது ஏன்?”

பெரும்பாலும் வரும் பதில்: “அப்படித்தான் எழுதணும் சார்.”

உண்மைதான், அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அது சம்பிரதாயத்துக்காக எழுதும் வரி இல்லை. காரணிப்படுத்தும் முறையின் உயிரே அந்தப் பூச்சியத்தில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய அநேகமாக எதுவும் மிஞ்சாது. அதைத்தான் இந்தப் பதிவில் பொறுமையாகச் சொல்லப் போகிறேன். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தொடங்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. பாடநூலில் எக்ஸ் இருக்கும் இடத்தில் நான் ‘ய’ என்று எழுதுகிறேன். இது நம் ஊருக்குப் புதிதில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தெரியாத எண்ணை ‘யா’ என்றுதான் குறித்தார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பொருள்படும் ‘யாவத்தாவத்’தின் முதலெழுத்து அது. இன்னொரு தெரியாத எண் வந்தால் நிறங்களின் பெயரிலிருந்து எழுத்தை எடுத்துக்கொள்வார்கள்: கறுப்புக்குக் ‘கா’, நீலத்துக்கு ‘நீ’.

பூச்சியம் செய்யும் வேலை

முதலில் ஒரு கேள்வி. இரண்டு எண்களைப் பெருக்கினேன், 12 வந்தது. அந்த எண்களைப் பற்றி உங்களால் என்ன சொல்ல முடியும்?

3, 4 ஆக இருக்கலாம். 2, 6 ஆக இருக்கலாம். −3, −4 ஆகவும் இருக்கலாம். அரையும் 24ம் என்றாலும் 12தான். அடுக்கிக்கொண்டே போகலாம், முடிவு வராது. ஆக, பெருக்கற்பலன் 12 என்ற செய்தியை வைத்துக்கொண்டு எந்த ஒரு காரணியைப் பற்றியும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

இப்போது அதே கேள்வி, எண் மட்டும் வேறு. இரண்டு எண்களைப் பெருக்கினேன், பூச்சியம் வந்தது.

இந்த முறை தப்பிக்க வழியே இல்லை. இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆக வேண்டும். பூச்சியம் அல்லாத இரண்டு எண்களைப் பெருக்கி ஒருநாளும் பூச்சியத்தை வரவழைக்க முடியாது. பெருக்கிய விடையை மட்டும் பார்த்து, பெருக்கப்பட்ட எண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிகிற ஒரே இடம் பூச்சியம்.

இதை வைத்துக்கொண்டு ய² − 5ய + 6 = 0 என்ற சமன்பாட்டுக்கு வருவோம். இதில் என்ன சிரமம்? ஒருபடிச் சமன்பாடு என்றால், எண்களையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, ய-வைத் தனியாக நிறுத்திவிடலாம். இங்கே ய இரண்டு வேடத்தில் வருகிறது, ஒரு இடத்தில் வர்க்கமாக, இன்னொரு இடத்தில் தானாக. ஒன்றைத் தனியாக நிறுத்தப் போனால் இன்னொன்று எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும். நகர்த்திக்கொண்டே இருக்கலாம், விடை வராது.

அதையே (ய − 2)(ய − 3) = 0 என்று எழுதிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. இரண்டு எண்கள் பெருக்கப்பட்டுப் பூச்சியம் வந்திருக்கிறது. எனவே ய − 2 பூச்சியம், அல்லது ய − 3 பூச்சியம். முதலாவது உண்மையானால் ய = 2. இரண்டாவது உண்மையானால் ய = 3. தீர்க்கத் தெரியாத ஒரு கேள்வி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடத் தீர்க்கும் இரண்டு கேள்விகளாக உடைந்துவிட்டது. உடைத்தது காரணிப்படுத்தல்; உடைந்த துண்டுகளைத் தனித்தனியே கையாள அனுமதி கொடுத்தது பூச்சியம்.

பூச்சியம் இல்லாவிட்டால்?

இது புரிந்ததா என்று பார்க்க நான் கொடுக்கும் கணக்கு இது:

(ய − 1)(ய − 4) = 10

ஏற்கெனவே காரணிகளாகத்தானே இருக்கிறது! உடனே ய − 1 = 10, ய − 4 = 10 என்று எழுதி, ய = 11, ய = 14 என்று முடிக்கத் தோன்றும். 11ஐப் போட்டுப் பாருங்கள்: 10 × 7 = 70. 14ஐப் போட்டால் 13 × 10 = 130. இரண்டும் 10க்குப் பக்கத்தில்கூட இல்லை.

காரணம் நாம் மேலே பார்த்ததுதான். பெருக்கற்பலன் 10 என்பதால் இரண்டில் ஒன்று 10 ஆக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தச் சலுகை பூச்சியத்துக்கு மட்டும்தான். ஆகவே, அழகாக நிற்கும் அந்தக் காரணிகளை மனசைத் திடப்படுத்திக்கொண்டு கலைக்க வேண்டும். விரித்தால் ய² − 5ய + 4 = 10. பத்தை இடப்பக்கம் கொண்டுவந்தால் ய² − 5ய − 6 = 0. இப்போது மறுபடி காரணிப்படுத்தினால் (ய − 6)(ய + 1) = 0. எனவே ய = 6 அல்லது ய = −1.

போட்டுப் பார்ப்போம். ய = 6 என்றால் 5 × 2 = 10. ய = −1 என்றால் (−2) × (−5) = 10. இரண்டும் சரி. முதலில் இருந்த காரணிகளில் 1ம் 4ம் இருந்தன. கடைசியில் வந்தவற்றில் 6ம் −1ம் இருக்கின்றன. வலது பக்கத்தில் என்ன எண் நிற்கிறது என்பதைப் பொறுத்து, பயன் தரும் காரணிகளே மாறிப்போகின்றன. இந்த ஒரு கணக்கைத் தானாகப் போட்டு முடித்த பிள்ளை, ‘= 0’ என்ற வரியை அதற்குப் பிறகு கடமைக்கு எழுதாது.

அந்த இரண்டு எண்களைத் தேடுவது

‘பெருக்கினால் இது வரணும், கூட்டினால் அது வரணும்’ என்று தேடுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? (ய − 2)(ய − 3) என்பதை விரித்துப் பாருங்கள். ய × ய தருவது ய². நடுவில் −3ய, −2ய என்று இரண்டு துண்டுகள் வந்து, சேர்ந்து −5ய ஆகின்றன. கடைசியில் (−2) × (−3) = 6. நடு உறுப்பின் கெழுவில் அந்த இரண்டு எண்களின் கூடுதல் ஒளிந்திருக்கிறது, மாறிலியில் அவற்றின் பெருக்கற்பலன் ஒளிந்திருக்கிறது. காரணிப்படுத்துவது என்றால் இந்த விரித்தலைப் பின்னோக்கி நடத்துவது, அவ்வளவுதான்.

தேடும்போது பெருக்கற்பலனில் இருந்து தொடங்குங்கள், கூடுதலில் இருந்து வேண்டாம். கூட்டினால் −5 வரும் முழு எண் சோடிகள் எண்ணி மாளாது: (−1, −4), (−6, 1), (−100, 95). பெருக்கினால் 6 வரும் முழு எண் சோடிகளோ மொத்தம் நான்குதான்: (1, 6), (2, 3), (−1, −6), (−2, −3). எதில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். குறிகளும் வேலையைக் குறைத்துக் கொடுக்கும். மாறிலி மிகை எண்ணாக இருந்தால் இரண்டு எண்களுக்கும் ஒரே குறி; குறை எண்ணாக இருந்தால் எதிரெதிர்க் குறி.

சின்ன எண்களுக்கு இது போதும். எண் பெரிதானால்? பாஸ்கரர் 1150இல் எழுதிய ‘பீஜகணித’த்தில் ஒரு குரங்குக் கணக்கு இருக்கிறது. ஒரு குரங்குக் கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தினால் எவ்வளவோ, அத்தனை குரங்குகள் காட்டில் விளையாடுகின்றன. மிச்சம் 12 குரங்குகள் மலைமேல் கத்திக்கொண்டிருக்கின்றன. மொத்தம் எத்தனை?

சமன்பாடாக எழுதி, பின்னத்தை நீக்கி, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் ய² − 64ய + 768 = 0. விடைகள் இரண்டையும் பெருக்கினால் 768, கூட்டினால் 64. இங்கேதான் பிள்ளைகள் திணறுவார்கள். 768க்கு வகுஎண்கள் நிறைய. ஒவ்வொரு சோடியாகப் போட்டுப் பார்க்கும்போது தேர்வு அறையில் நேரம் ஓடிவிடும்.

ஊகமே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இரண்டு எண்களின் கூடுதல் 64 என்றால் அவற்றின் சராசரி 32. ஒரு எண் 32ஐவிட எவ்வளவு அதிகமோ, மற்றது 32ஐவிட அதே அளவு குறைவு. அந்த அளவை ‘விலகல்’ என்று வைத்துக்கொள்வோம். 32உடன் விலகலைக் கூட்டினால் ஒரு எண், 32இலிருந்து கழித்தால் மற்ற எண். இரண்டையும் பெருக்கினால் 32இன் வர்க்கத்திலிருந்து விலகலின் வர்க்கத்தைக் கழித்தது வரும். எட்டாம் வகுப்பிலேயே படித்த முற்றொருமை அது. 32இன் வர்க்கம் 1024. பெருக்கற்பலன் 768 ஆக வேண்டும். எனவே விலகலின் வர்க்கம் 1024 − 768 = 256. விலகல் 16. ஆக எண்கள் 32 + 16 = 48, 32 − 16 = 16.

48 குரங்குகள் என்றால் எட்டில் ஒரு பங்கு 6, அதன் வர்க்கம் 36, அதோடு 12 சேர்ந்தால் 48. 16 குரங்குகள் என்றால் எட்டில் ஒரு பங்கு 2, வர்க்கம் 4, அதோடு 12 சேர்ந்தால் 16. இரண்டு விடையும் பொருந்துகிறது. பாஸ்கரரும் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

இந்தச் சராசரி வழி மிகப் பழையது. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளில், ஒரு செவ்வகத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து இவ்வளவு, பரப்பளவு இவ்வளவு, நீளம் அகலம் தனித்தனியே என்ன என்று கேட்டு, பாதியாக்கி, வர்க்கப்படுத்தி, கழித்து, வர்க்கமூலம் எடுத்துத் தீர்த்திருக்கிறார்கள். பின்னாளில் கிரேக்க மொழியில் எழுதிய டயோஃபான்டஸ் தன் ‘அரித்மெட்டிகா’வில் கூடுதல் 20, பெருக்கற்பலன் 96 என்று கொடுத்து, சராசரி 10இலிருந்து விலகி 12, 8 என்று கண்டுபிடிக்கிறார். 2019இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ, இதே எண்ணத்தை வகுப்பறைக்கு ஏற்ற வடிவில் எழுதி வெளியிட்டபோது உலகெங்கும் ஆசிரியர்கள் அதை எடுத்துப் பேசினார்கள். நம் பிள்ளைகளுக்கும் ஊகித்துத் தேடும் வழியோடு இதையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எண் சின்னதாக இருந்தால் அது, பெரிதாக இருந்தால் இது.

தாமரையில் சிக்கிய வண்டு

ய²-க்கு முன்னால் 1 அல்லாத எண் வந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. அதற்கு நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. பாஸ்கரரின் ‘லீலாவதி’யில் உள்ள வண்டுக் கணக்கிலிருந்து வந்தது அது. ஒரு வண்டுக் கூட்டம். கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் எவ்வளவோ, அத்தனை வண்டுகள் ஓரிடத்துக்குப் பறந்து போயின. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே போனது. மிச்சம் இரண்டே வண்டுகள். லீலாவதியில் அந்த இரண்டும் ஒரு சோடி: மணத்துக்கு மயங்கி இரவில் கூம்பிய தாமரைக்குள் மாட்டிக்கொண்ட ஆண் வண்டு ஒன்று, அதன் ரீங்காரத்துக்கு வெளியிலிருந்து பதில் ரீங்காரம் செய்யும் பெண் வண்டு ஒன்று. மொத்தம் எத்தனை வண்டுகள்?

பாதியின் வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருப்பதால், மொத்தத்தை 2ய² என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. பாதி ய², அதன் வர்க்கமூலம் ய. மொத்தத்தில் ஒன்பதில் எட்டு 16ய²/9. எனவே

2ய² − ய − 16ய²/9 = 2

ஒன்பதால் பெருக்கி ஒழுங்குபடுத்தினால்

2ய² − 9ய − 18 = 0

இங்கே நமக்குச் சொல்லிக் கொடுக்கும் வழி: முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கு. 2 × (−18) = −36. பெருக்கினால் −36, கூட்டினால் −9 வரும் எண்கள் −12, 3. நடு உறுப்பை அப்படியே பிரி:

2ய² − 12ய + 3ய − 18 = 2ய(ய − 6) + 3(ய − 6) = (ய − 6)(2ய + 3)

எல்லாரும் செய்கிறோம். ஆனால் முதலையும் கடைசியையும் ஏன் பெருக்க வேண்டும்? கிடைத்த விடையை விரித்தாலே பதில் தெரியும். (ய − 6)(2ய + 3) என்பதில் நடு உறுப்பு இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று, 1 × 3 என்பதால் வரும் 3. இன்னொன்று, (−6) × 2 என்பதால் வரும் −12. இந்த இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: 1 × 3 × (−6) × 2. இதே நான்கு எண்களை இடம் மாற்றிச் சேர்த்தால் (1 × 2) × (3 × (−6)), அதாவது 2 × (−18). முதல் கெழுவும் மாறிலியும்! ஆக, நடு உறுப்பு எந்த இரண்டு துண்டுகளால் ஆனதோ, அவற்றின் பெருக்கற்பலன் எப்போதும் முதலும் கடைசியும் பெருக்கியதுதான். இது தெரிந்துவிட்டால் அந்த விதி தானாக மனதில் நிற்கும்.

(ய − 6)(2ய + 3) = 0 என்பதால் ய = 6, அல்லது ய = −3/2. ய என்பது முதலில் பறந்து போன வண்டுகளின் எண்ணிக்கை. அது குறை எண்ணாகவோ பின்னமாகவோ இருக்க முடியாது. எனவே ய = 6; மொத்த வண்டுகள் 2 × 36 = 72. சரிபார்ப்போம்: பாதி 36, வர்க்கமூலம் 6. ஒன்பதில் எட்டு 64. மிச்சம் 2. மொத்தம் 72.

பூச்சியம் வலது பக்கம் வந்து சேர்ந்த கதை

நாம் ஒரு நொடியில் எழுதிவிடும் ‘= 0’ உலகத்துக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இயற்கணிதத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரிக்கிறார் (அவர் ‘மூலம்’ என்பது நம் ய, ‘வர்க்கம்’ என்பது ய²). வர்க்கங்கள் மூலங்களுக்குச் சமம், வர்க்கங்கள் எண்ணுக்குச் சமம், மூலங்கள் எண்ணுக்குச் சமம், வர்க்கமும் மூலமும் சேர்ந்து எண்ணுக்குச் சமம், வர்க்கமும் எண்ணும் சேர்ந்து மூலங்களுக்குச் சமம், மூலமும் எண்ணும் சேர்ந்து வர்க்கத்துக்குச் சமம். நமக்கு ஒரே வடிவம் போதும். அவருக்கு ஏன் ஆறு தேவைப்பட்டது?

ஏனென்றால் அவர் நூலில் கெழுக்களாகக் குறை எண்களுக்கு இடமில்லை. எல்லா உறுப்பும் மிகை எண். மிகை எண்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பூச்சியம் எப்படி வரும்? வராது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் பூச்சியம் என்று எழுதும் பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வழி சொல்லி, சதுரங்களை வரைந்து, ஒட்டி, நிரப்பி அவர் நிரூபித்தார். வர்க்கமும் 21ம் சேர்ந்து பத்து மூலங்களுக்குச் சமம் என்ற கணக்குக்கு 3, 7 என்று இரண்டு விடைகளையும் கொடுத்திருக்கிறார். நாம் அதை ய² − 10ய + 21 = 0 என்று எழுதினால் (ய − 3)(ய − 7) என்று கண்ணிலேயே படும்.

அவருக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே, 628இல், பிரம்மகுப்தர் ‘பிரம்மஸ்புட சித்தாந்த’த்தில் பூச்சியத்தையும் குறை எண்களையும் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது எப்படி என்று விதிகள் எழுதிவைத்திருந்தார். கடனைக் குறை எண்ணாகவும் சொத்தை மிகை எண்ணாகவும் சொல்லி, இரண்டும் சமமாக இருந்தால் கூட்டினால் பூச்சியம் என்று அவர் தெளிவாக்கினார். பல உறுப்புகளைக் கூட்டிப் பூச்சியத்தைப் பெற முடியும் என்பதற்கு அடித்தளம் அங்கே இருக்கிறது. அந்த அடித்தளத்தின்மேல் காரணிகளின் பெருக்கலாகச் சமன்பாட்டை எழுதும் பழக்கம் வருவதற்கு இன்னும் ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1631இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்த முறை இருக்கிறது. 1637இல் பிரான்சின் டெகார்ட், ய − 2 = 0 என்பதையும் ய − 3 = 0 என்பதையும் பெருக்கினால் ய² − 5ய + 6 = 0 வரும் என்று எழுதினார். நாம் பதிவின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அதே சமன்பாடு. அவரே குறை மூலங்களைப் ‘பொய் மூலங்கள்’ என்று அழைத்தவர் என்பதையும் சேர்த்து நினைத்தால், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இன்று ய = −1 என்று தயங்காமல் எழுதுவது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும்.

பூச்சியத்தின் சலுகை எல்லா இடத்திலும் கிடைக்குமா?

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நான் தவறாமல் காட்டும் ஒன்று இது. பூச்சியம் அல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வரவழைக்க முடியாது என்று சொன்னேன். அது நாம் பழகிய எண்களின் குணம். வேறு உலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 0 முதல் 11 வரை எண்கள் மட்டும் உள்ள கடிகாரக் கணக்கு. 12 வந்தால் மறுபடி 0. அதாவது எந்த விடையையும் 12ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். இங்கே 3 × 4 = 12, அதாவது 0. மூன்றும் பூச்சியம் இல்லை, நான்கும் பூச்சியம் இல்லை, பெருக்கினால் பூச்சியம்!

இந்த உலகத்தில் ய² − 5ய + 6 = 0 என்பதைத் தீர்த்துப் பாருங்கள். (ய − 2)(ய − 3) = 0 என்பதால் 2ம் 3ம் விடைகள்தான். ஆனால் ய = 6 என்றால்? 4 × 3 = 12, அதாவது 0. ய = 11 என்றால்? 9 × 8 = 72, அதுவும் 12ஆல் மீதியின்றி வகுபடும்; மறுபடி 0. ஆக 2, 3, 6, 11 என்று நான்கு விடைகள். ஓர் இருபடிச் சமன்பாட்டுக்கு நான்கு மூலங்கள்!

12க்குப் பதில் 7 மணி உள்ள கடிகாரத்தை எடுத்தால் இந்தக் குழப்பம் வராது, விடை 2, 3 மட்டுமே. 7 பகா எண். அதைவிடச் சின்ன இரண்டு எண்களைப் பெருக்கி 7இன் மடங்கை உண்டாக்க முடியாது. இதைக் காட்டிய பிறகு ‘இருபடிச் சமன்பாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு மூலங்கள்’ என்ற வரியைப் பிள்ளைகள் வேறு மாதிரி படிப்பார்கள். அந்த ‘இரண்டு’ எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

பூச்சியத்தால் வரும் இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, ய² = 5ய என்ற மாதிரிக் கணக்கு. இருபுறமும் ய-ஆல் வகுத்து ய = 5 என்று முடிக்கத் தோன்றும். ஆனால் ய = 0 என்றாலும் சமன்பாடு உண்மைதானே? வகுக்கும்போது ய பூச்சியமாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது. வகுக்காமல் இடப்பக்கம் கொண்டுவாருங்கள்: ய² − 5ய = 0, ய(ய − 5) = 0. ய = 0 அல்லது 5. ஒரு மூலமும் தொலையாது.

இரண்டாவது, மூலத்தைத் தள்ளுவது. ‘நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது’ என்று எழுதி ஒரு விடையை அடிப்பது பழக்கமாகிவிட்டது. தள்ளும் காரணம் எப்போதும் குறி மட்டும் இல்லை. பீஜகணிதத்தில் இன்னொரு குரங்குக் கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தினால் வருமளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒரு குரங்கு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. சமன்பாடு ய² − 55ய + 250 = 0; மூலங்கள் 50, 5. இரண்டுமே மிகை முழு எண்கள். ஆனால் பாஸ்கரர் 5ஐ ஏற்கவில்லை. 5இல் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்று குரங்குகளை எப்படிக் கழிப்பது? வர்க்கப்படுத்தும்போது அந்த −2 மறைந்துபோய் 4 ஆகிவிடுகிறது, சமன்பாடு ஏமாந்துவிடுகிறது. ஆகவே விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, கேள்வியில் வரும் கதையிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

காரணி கிடைக்கவில்லை என்றால்

ய² − 10ய + 23 = 0. பெருக்கினால் 23, கூட்டினால் 10. 23 பகா எண் என்பதால் 1, 23 தவிர வேறு சோடி இல்லை. அதன் கூடுதல் 24. முழு எண் காரணி கிடையாது. சராசரி வழியில் போனால்? சராசரி 5. விலகலின் வர்க்கம் 25 − 23 = 2. விலகல் √2. மூலங்கள் 5 + √2, 5 − √2. காரணிகள் இருக்கத்தான் செய்கின்றன, முழு எண்களாக இல்லை, அவ்வளவுதான். மாறிலி 26 ஆக இருந்தால் விலகலின் வர்க்கம் −1 என்று வரும். மெய் மூலமே இல்லை.

இந்த ‘விலகலின் வர்க்கம்’ என்ன குறியில் வருகிறது, முழு வர்க்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாடநூலில் தன்மைக்காட்டி என்ற பெயரில் வருகிறது. ‘ஃபார்முலா’ என்று நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரமும் இதே வழியின் பொதுவடிவம். பாஸ்கரருக்கு முந்தைய கணிதர் ஸ்ரீதரர் சொன்ன வழியைப் பாஸ்கரர் மேற்கோள் காட்டியதால்தான் அது நமக்குக் கிடைத்தது. வட இந்தியாவில் பல இடங்களில் அந்தச் சூத்திரத்துக்கே ஸ்ரீதராச்சாரியார் பெயர்தான்.

பொதுத்தேர்வில் 8 மார்க் வரைபடக் கேள்விக்குப் பரவளையம் வரைந்து, அது கிடை அச்சை வெட்டும் புள்ளிகளைக் குறிக்கிறோமே, அங்கே தேடுவதும் இதைத்தான். கிடை அச்சு என்பது மதிப்பு பூச்சியமாக இருக்கும் கோடு. ய² − 10ய + 23 இரண்டு இடத்தில் வெட்டும், ய² − 10ய + 25 ஒரே இடத்தில் தொடும், ய² − 10ய + 26 தொடாமல் மேலேயே நின்றுவிடும். காரணி, சூத்திரம், வரைபடம் என்று மூன்று பாடமாகப் படிப்பவை மூன்றும் ‘இது எப்போது பூச்சியமாகும்?’ என்ற ஒரே கேள்விக்கான பதில்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இருபது கணக்குகளைச் சரியாகப் போட்டிருந்தாலும், இருபத்தோராவதாக (ய + 2)(ய − 5) = 8 என்று எழுதிக் கொடுங்கள். அது உடனே ய + 2 = 8 என்று எழுதினால், அந்த இருபதும் கைப்பழக்கத்தில் வந்தவை. திட்டாதீர்கள். “பெருக்கினா 8 வர்ற எண்களைச் சொல்லு” என்று மட்டும் கேளுங்கள். நாலைந்து சோடி சொல்வதற்குள் தானே நிறுத்திவிட்டு, விரித்து, எட்டை இடப்பக்கம் கொண்டுவந்து, ய² − 3ய − 18 = 0 என்று எழுதும். அங்கிருந்து 6, −3 வந்துசேர அதிக நேரம் ஆகாது.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: (ய − 3)(ய + 4) = 18. முதலில் ஊகித்துத் தேடும் வழியில் தீர்த்துப் பாருங்கள், பிறகு சராசரி வழியில். இரண்டிலும் ஒரே விடை வர வேண்டும். வந்த விடைகளை விரித்த சமன்பாட்டில் போடாமல், மேலே கொடுத்திருக்கும் முதல் வரியிலேயே போட்டுச் சரிபாருங்கள். இரண்டு தடவையும் 18 வந்தால், விடை சரி என்று சொல்ல ஆசிரியரோ கைடோ தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.